கதை முடிந்த பின் கதைமாந்தர் கதி

ஒரு தொடர்கதையோ தொலைக்காட்சித் தொடரோ முடிந்த மறுநாளே, அதைத் தொடர்ந்து வந்தவர்களிடம் ஒரு கேள்வி எழுகிறது: அதற்குப் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள்? காணாமல் போனவள் உயிரோடு இருக்கிறாளா, கொலை செய்தவன் அகப்பட்டானா, பிரிந்தவர்கள் சேர்ந்தார்களா என்று வீட்டுத் திண்ணையிலும் பேருந்திலும் ஊகங்கள் ஓடுகின்றன. அந்த மாந்தர் கற்பனை என்பது கேட்பவருக்குத் தெரியும். தெரிந்தே கேட்கிறார். ஆகவே இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. இல்லாத ஒருவருக்குக் கதி என்று ஒன்று உண்டா, உண்டென்றால் அதை அறியும் வழி எது, இல்லையென்றால் அந்தக் கேள்வி மனத்தை ஏன் விடாமல் பற்றுகிறது என்ற மூன்றும் மெய்யியலுக்கும் சமயத்துக்கும் உரிய வினாக்கள்.

இவற்றை ஆராய்வதற்குக் கடலூர் மாவட்டம் பொருத்தமான நிலம். தலைமுறை தலைமுறையாக ஊகிக்கப்பட்டு வரும் ஒரு கதை வீராணம் ஏரிக்கரையில் தொடங்குகிறது. அக்கதையின் மையக் கொலையைப் பற்றிய கல்வெட்டு காட்டுமன்னார்கோயிலில் இருக்கிறது. வினையைப் பற்றி நுட்பமாக எழுதிய உமாபதி சிவாசாரியார் தில்லை எனப்படும் சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்தவர். திரையையே வழிபாட்டின் நடுவில் வைத்த இரண்டு சபைகள் சிதம்பரத்திலும் வடலூரிலும் உள்ளன.

ஏரிக்கரையில் தொடங்கிய கதை

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை கல்கி வார இதழில் வெளிவந்தது. ஆடிப்பெருக்கு நாளின் மாலையில் கதைநாயகன் வந்தியத்தேவன் வீராணமாகிய வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். அன்றிரவே கடம்பூர்ச் சம்புவரையர் மாளிகையில் சிற்றரசர்களின் இரகசியக் கூட்டத்தைப் பார்த்துவிடுகிறான். பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்படுவதும் அதே கடம்பூர் மாளிகையில்தான். ஐந்து பாகங்களையும் கடந்து வரும் வாசகரைக் கடைசி அத்தியாயம் சம்புவரையர் மகள் மணிமேகலையின் மரணத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் படித்தவர்களுக்கு அந்த நிறுத்தம் போதவில்லை. பழிவாங்கத் துடித்த நந்தினி எங்கே போனாள், வந்தியத்தேவனும் இளவரசி குந்தவையும் மணந்துகொண்டார்களா, கரிகாலனுக்கு எதிராகச் சதி செய்த ரவிதாசனும் அவன் கூட்டத்தாரும் என்ன ஆனார்கள் என்ற கேள்விகள் எஞ்சி நின்றன. கல்கி அவற்றை அலட்சியம் செய்யவில்லை. நூலின் இறுதியில் ஒரு முடிவுரை எழுதி, மாந்தர் பலருடைய பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொன்னார். முழுக் கற்பனைக் கதைக்கு முடிவு அமைவதைப் போலச் சரித்திரக் கதைக்கு அமைவதில்லை என்றும் விளக்கினார். சரித்திரம் ஓடிக்கொண்டே இருப்பது. அதில் ஓரிடத்தில் கதை நின்றாக வேண்டும். முடிவுரை வெளிவந்த அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று கல்கி மறைந்தார். அந்த மாந்தரைப் பற்றி அவரிடம் இனிக் கேட்க வழியில்லாமல் போயிற்று.

ஊகம் அதோடு ஓயவில்லை. விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் கதையைத் தொடர்ந்தார். கரிகாலனைக் கொன்றவர் யார் என்ற வினாவை மட்டும் எடுத்துக்கொண்டு தனி நாவல்களே பிறந்தன. மணிரத்னத்தின் திரைப்படம் 2022 செப்டம்பர் 30 அன்றும் 2023 ஏப்ரல் 28 அன்றும் இரண்டு பாகங்களாக வந்தபோது, நாவலைப் படித்தவர்களும் படிக்காதவர்களும் இடைப்பட்ட ஏழு மாதங்களில் பழைய கேள்விகளையே புதிதாகக் கேட்டார்கள். கொன்றவர் இன்னார் என்று ஐயத்துக்கு இடமில்லாத ஒரு வாக்கியம் நாவலில் இல்லாதது இந்த நீண்ட விவாதத்துக்கு முதற்காரணம்.

கல்லில் நின்றவரும் ஏட்டில் பிறந்தவரும்

நாவலின் மாந்தர் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். ஆதித்த கரிகாலன், பின்னாளில் முதலாம் இராசராசனான அருள்மொழி, குந்தவை, வந்தியத்தேவன், ரவிதாசன் ஆகியோர் இந்த மண்ணில் வாழ்ந்தவர்கள். நந்தினி, மணிமேகலை, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், கந்தமாறன் ஆகியோர் கல்கியின் பேனாவில் பிறந்தவர்கள். கதையைப் படிக்கும்போது இந்த வேறுபாடு தோன்றுவதில்லை. கதை முடிந்தபின் கேள்வி கேட்கும்போதுதான் அது வெளிப்படுகிறது.

வந்தியத்தேவன் குந்தவையை மணந்தானா என்ற கேள்விக்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே விடை தருகிறது; குந்தவையை அது வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகக் குறிப்பிடுகிறது. ரவிதாசனைப் பற்றிய சான்று காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் இருக்கிறது. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், பஞ்சவன் பிரமாதிராசனான ரவிதாசன், இருமுடிசோழ பிரமாதிராசனான பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களுடைய உடைமைகளோடு உறவினர் உடைமைகளையும் பறிமுதல் செய்ய வீரநாராயண சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசாணை போயிருக்கிறது. நிலம் என்ன ஆயிற்று என்று கல் சொல்கிறது. நிலத்துக்குரியவர்கள் என்ன ஆனார்கள், தண்டனை பெற்றார்களா, நாட்டை விட்டுப் போனார்களா என்று அது சொல்வதில்லை.

வரலாற்றறிஞர்களும் இந்த மௌனத்தின் முன் நின்று ஊகித்திருக்கிறார்கள். கொலையில், பின்னர் அரியணை ஏறிய உத்தம சோழனுக்குப் பங்கிருக்கலாம் என்று கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். அப்படியொரு பழி இருந்திருந்தால் அருள்மொழி அவன் அரியணை ஏற இசைந்திருப்பானா, நாடு அமைதியாக இருந்திருக்குமா என்பது அவர் வாதத்தின் போக்கு. இருவரும் கையாண்ட சான்றுகள் ஏறத்தாழ ஒன்றே. வேறுபட்டது, மனிதர் எப்படி நடந்துகொள்வார்கள் என்ற மதிப்பீடு. நாவல் வாசகர் நந்தினியைப் பற்றிச் செய்வதும் இதே வகை மதிப்பீடுதான். ஆனால் ஆராய்ச்சியாளருக்கு மறுநாளே ஒரு செப்பேடு கிடைத்து அவர் ஊகம் உறுதிப்படலாம், அல்லது உடையலாம். நந்தினிக்கு எந்தச் செப்பேடும் கிடைக்கப்போவதில்லை.

மூவகை இன்மை

இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்ல இந்தியத் தருக்க மரபில் கருவிகள் உண்டு. அன்னம்பட்டர் வடமொழியில் எழுதி, சிவஞான முனிவர் தமிழாக்கிய ‘தருக்க சங்கிரகம்’ இன்மையை வகைப்படுத்துகிறது. அவற்றுள் மூன்று இங்கு வேண்டும். வனையப்படும் முன் குடம் இல்லாதிருப்பது முன்னின்மை. உடைந்தபின் இல்லாதிருப்பது அழிவுபாட்டின்மை. முக்காலத்திலும் இல்லாதிருப்பது முழுதுமின்மை. ‘இல்லை’ என்ற ஒரே சொல் இந்த மூன்று நிலைகளையும் மூடி நிற்பதால்தான் கதைமாந்தரைப் பற்றிய வாதங்கள் பல குழம்புகின்றன.

ரவிதாசனின் முடிவு இன்று எவருக்கும் தெரியாது. எனினும் அது ஒரு நாள், ஓரிடத்தில் நிகழ்ந்தது. நிகழ்ந்ததன் சுவடு அழிந்தது. இது அழிவுபாட்டின்மை. தில்லையிலேயே இதற்கு இன்னொரு சான்று உண்டு. தேவார மூவர் பாடிய பதிக ஏடுகள் தில்லைக் கோயில் அறையொன்றில் பூட்டப்பட்டுக் கிடந்தன என்றும், இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்தபோது பெரும்பகுதி கரையான் அரித்துப் போயிருந்தது என்றும் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. அழிந்த பதிகங்களில் என்ன பாடப்பட்டிருந்தது என்ற கேள்விக்கு உண்மையான விடை ஒன்று இருந்தது. அதை மீட்க முடியாது என்பதால் அது இருந்ததில்லை என்று ஆகிவிடாது.

ஆசிரியர் எழுதிக்கொண்டிருக்கும் தொடரின் நிலை வேறு. அடுத்த வாரம் என்ன ஆகும் என்பது இன்னும் உண்டாகவில்லை; உண்டாகும். இது முன்னின்மை. ஆர்தர் கோனன் டாயில் 1893 டிசம்பரில் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளி முடித்தார். பத்தாண்டுக்குப் பின், 1903-இல், அவன் சாகவில்லை என்று எழுதினார். அமெரிக்காவின் ‘டல்லாஸ்’ தொடரில் 1980 மார்ச் மாதம் சுடப்பட்ட ஜே.ஆர். என்ற பாத்திரத்தைச் சுட்டது யார் என்று நவம்பரில்தான் தெரிந்தது. அந்த எட்டு மாதமும் உலகின் பல நாடுகளில் மக்கள் விவாதித்தது இன்னும் பிறக்காத ஓர் உண்மையைப் பற்றி. இத்தகைய ஊகம் வருவதுரைப்பதைப் போன்றது. காலம் அதைச் சரிபார்த்துவிடும்.

முன்னின்மை எவ்வளவு நொய்யது என்பதைத் தமிழ்த் தொலைக்காட்சி அண்மையில் கண்டது. ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானார். நடிகர் மறைந்தார், பாத்திரம் மறையவில்லை. பார்த்துவந்தவர்கள் அந்த மனிதருக்காக வருந்தினார்கள். அதே மூச்சில் குணசேகரன் இனி என்ன ஆவார் என்றும் கேட்டார்கள். அந்தக் கேள்வி அந்த வருத்தத்துக்கு அவமதிப்பு அன்று. ஓர் உடலோடும் குரலோடும் ஒட்டியே அறியப்பட்ட பாத்திரம் அவை போனபின் எதில் தங்கும் என்பது உண்மையான வினா. பின்னர் வேல ராமமூர்த்தி அந்த வேடத்தை ஏற்றார். பாத்திரம் என்பது நடிகரின் உடலும் அன்று, எழுத்தாளரின் தாளும் அன்று; எழுதுவோர், நடிப்போர், காண்போர் மூவரிடையே நிலைக்கும் ஓர் உடன்பாடு என்பது அங்கே தெளிந்தது.

ஆசிரியரும் மறைந்துவிட்ட பிறகு, அவர் எழுதாமல் விட்டதன் நிலை மூன்றாவது வகை. முடிவுரை சொல்லும் அளவுக்கு மேல் நந்தினியின் வாழ்வில் ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்று கேட்டால், அந்த நாள் இருந்ததும் இல்லை, இனி இருக்கப்போவதும் இல்லை. இது முழுதுமின்மை. முயற்கொம்பின் நீளம் எவ்வளவு என்று கேட்பதற்கு நிகரானது என்று தருக்கவாதி இதைத் தள்ளிவிடக்கூடும். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. முயற்கொம்பைப் பற்றி எந்த விடையும் மற்றொரு விடையைவிடச் சிறந்ததன்று. நந்தினி எல்லாவற்றையும் மறந்து மகிழ்ச்சியாக வாழ்ந்தாள் என்பதைவிட, பழியின் சுமையோடு வாழ்ந்து மடிந்தாள் என்பது பொருந்துகிறது என்று எந்த வாசகரும் சொல்வார். உண்மை இல்லாத இடத்திலும் பொருத்தம் இருக்கிறது.

வினைக் கணக்கு

பொருத்தம் என்ற அந்த உணர்வு எங்கிருந்து வருகிறது? தமிழ் வாசகரிடம் அதற்கு வேர் வினைக் கொள்கை. திருக்குறளின் 38-ஆம் அதிகாரம் ஊழைப் பேசுகிறது. ஊழ்வினை தொடர்ந்து வந்து பயன் தரும் என்பதைச் சிலப்பதிகாரம் தன் நோக்கங்களுள் ஒன்றாகவே அறிவிக்கிறது. சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது: முன் ஈட்டிக் குவிந்து கிடக்கும் சஞ்சிதம், இப்பிறவியில் நுகரும் பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஏறும் ஆகாமியம். நுகராமல் கழியும் வினை இல்லை. அருள் குறுக்கிட்டாலன்றிக் கணக்கு மூடப்படுவதும் இல்லை.

கதை முடிவில் எழும் அதிருப்தியை இந்தச் சட்டகத்தில் வைத்துப் பார்த்தால் அதன் காரணம் விளங்குகிறது. கதை நின்ற இடத்தில் மாந்தரின் ஆகாமியம் எஞ்சுகிறது. செய்தவன் பயனை நுகரவில்லை; பட்டவள் ஆறுதல் பெறவில்லை. மணிமேகலையின் மரணம் வாசகரை அழவைக்கிறது. ஆனால் அவளைப் பற்றி அதிகம் ஊகிக்க வைப்பதில்லை. அவள் எவருக்கும் தீங்கு நினைக்காதவள். அவள் கணக்கில் பாக்கி இல்லை. நந்தினியின் கணக்கிலும் ரவிதாசனின் கணக்கிலும் பாக்கி நிற்கிறது. ஊகம் எப்போதும் பாக்கி உள்ள இடத்தையே தேடிப் போகிறது.

சிலப்பதிகாரமே இந்தத் தேவையை உணர்ந்த நூல். குற்றமற்ற கோவலன் ஏன் வெட்டுண்டான் என்ற வினாவுக்கு மதுராபதித் தெய்வம் வந்து விடை சொல்கிறது. முற்பிறவியில் அவன் பரதன் என்ற பெயரோடு சிங்கபுரத்தில் இருந்து, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி இட்ட சாபம் இப்பிறவியில் பலித்தது. இங்கே ஊகம் கதைக்குப் பின்னே போகாமல் முன்னே போகிறது. மாதவிக்கும் அவள் மகளுக்கும் அப்புறம் என்ன ஆயிற்று என்பதைச் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை தனிக் காப்பியமாகவே விரிக்கிறது. தமிழில் தொடர்ச்சிக் கதை என்பது வார இதழ்களோடு பிறந்தது அன்று.

இங்கு ஓர் எல்லையையும் சொல்ல வேண்டும். வினை உயிருக்கு உரியது. சைவ சித்தாந்தத்தில் உயிர் அநாதி, எவராலும் படைக்கப்படாதது. கதைமாந்தர் படைக்கப்பட்டவர், ஆகவே அவருக்கு உயிரும் இல்லை, வினையும் இல்லை. நந்தினி மறுபிறவி எடுக்கமாட்டாள். அப்படியானால் அவள் கணக்கைத் தீர்க்க வாசகர் தவிப்பது ஏன்? வினைக்குப் பயன் உண்டு என்ற நம்பிக்கை உலகில் கண்முன் மெய்ப்படுவது அரிது. தீயவர் செழிப்பதையும் நல்லவர் நலிவதையும் அன்றாடம் பார்க்கிறவர், ஒரு வாழ்வு முழுவதையும் தொடக்கம் முதல் முடிவு வரை காணும் வாய்ப்பைக் கதையில்தான் பெறுகிறார். அங்கும் கணக்கு மூடப்படாமல் நின்றால், அசைவது நந்தினியின் நிலை அன்று. உலகில் அறம் உண்டு என்ற வாசகரின் நம்பிக்கையே அசைகிறது. கதைமாந்தருக்காக எழும் கேள்வி உண்மையில் மனிதருக்காக எழும் கேள்வி.

களத்தை விட்டுப் போகாத கூட்டம்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் இந்தக் கேள்விக்குச் சடங்கு வடிவில் விடை கிடைக்கிறது. பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாகக் கதை பல நாள் நடக்கும். படுகளத்தன்று கோயில் திடலில் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பல ஆள் நீளத்துக்கு ஈரமண்ணால் குழைத்து, வண்ணம் பூசி, முறுக்கிய மீசையோடு செய்த உருவம். அதன் மேலும் சுற்றிலுமாகத் துரியோதனன் வேடமும் வீமன் வேடமும் வசனம் பேசிப் பொருதும். வீமன் தொடையில் அடித்ததும் அங்கே வைத்திருக்கும் செந்நீர் வெளிப்படும். அவிழ்த்த கூந்தலை முடியமாட்டேன் என்ற திரௌபதியின் சபதம் அந்த இடத்தில் முடிகிறது. தொடர்ந்து ஒப்பாரி, மாலையில் தீமிதி. பல ஊர்களில் அதோடும் நிறுத்துவதில்லை. தருமர் பட்டாபிஷேகம் நடந்த பிறகே விழா நிறைவடைகிறது.

கூடியிருப்பவர் எல்லாருக்கும் முடிவு தெரியும். தெரிந்தும் ஆண்டுதோறும் வருகிறார்கள். துரியோதனனுக்காக அழும் ஒப்பாரியிலும் அவர்கள் பங்கு கொள்கிறார்கள். தோற்றவனின் பக்கத்துத் துயரமும் சொல்லி முடிக்கப்பட வேண்டும் என்பது அந்தச் சடங்கின் நீதி. என்ன ஆகும் என்ற ஆவல் தீர்ந்த பின்னும் என்ன ஆயிற்று என்பதை நின்று பார்க்கும் கடமை தீர்வதில்லை.

அருச்சுனன் மகன் அரவானின் கதை இதைவிடத் துலக்கமானது. வியாச பாரதத்தில் அவன் எட்டாம் நாள் போரில் அலம்புசன் கையால் இறக்கிறான், சொல்லப்படுவது கொஞ்சம். தமிழ் மரபு அவனை அவ்வளவில் விடவில்லை. போருக்கு முன்னே களப்பலி ஆனவனாக அவனைக் கண்டது. பலியானவன் எட்டாம் நாளில் எப்படிப் போரிட்டான் என்ற முரண் எழுந்தபோது, பலிக்குப் பின்னும் போரைக் காணும் வரம் அவனுக்குக் கிடைத்ததாகச் சொல்லி இரண்டையும் இணைத்தது. நாட்டார் வழக்கில் அறுபட்ட தலை பதினெட்டு நாள் போரையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. மணமாகாமல் சாவதா என்ற இன்னொரு கேள்வியிலிருந்து, கண்ணன் மோகினியாக வந்து அவனை மணந்த கதை விரிந்தது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டக் கூவாகத்திலும், சிதம்பரத்தை அடுத்த கொத்தட்டையிலும் கூத்தாண்டவர் கோயில்களில் திருநங்கையர் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, அவன் மாண்டபின் அதை அறுத்து அழுகிறார்கள். ஒரு கிளை மாந்தரின் கதியைப் பற்றிய கேள்வி ஒரு மக்கள் கூட்டத்தின் வழிபாடாக முதிர்ந்த வரலாறு இது. அவனுக்காக விட்ட கண்ணீர், தங்களுக்காக அழ ஊர் முன்வராதவர்களுக்கு இடம் தந்தது.

ஏற்கப்படாத முடிவு

சொல்லப்பட்ட முடிவையே ஏற்க மறுப்பதும் ஊகத்தின் ஒரு வகை. தில்லையில் இதற்குப் பெரும் சான்று திருநாளைப்போவார் என்னும் நந்தனார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தின்படி, ஆதனூர்ப் புலையரான அவர் தில்லைக்குள் புக முடியாமல் எல்லையில் வலம் வருகிறார். கனவில் இறைவன் ஆணையிட, மூட்டப்பட்ட தீயில் மூழ்கி முனிவர் கோலத்தோடு எழுந்து, அம்பலத்தின் உள்ளே சென்று மறைகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி தம் நந்தன் சரித்திரக் கீர்த்தனைகளில், நந்தனைத் தடுக்கும் பண்ணையாரான வேதியரைச் சேர்த்தார். பக்திக் கதைக்குள் உழைப்பும் அடிமைத்தனமும் வந்தன. இருபதாம் நூற்றாண்டில் இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ நாடகம் அந்தத் தீயை மேல்சாதியாரின் சூழ்ச்சியாகக் காட்டியது.

அடியார் நெஞ்சுக்குத் தீ அருளின் வாயில். ஒடுக்கப்பட்டவர் வரலாற்றை நினைப்பவருக்கு, உள்ளே வருவதற்கு உடலையே விலையாகக் கேட்ட அநீதி. இந்த இரண்டு வாசிப்புகளுள் ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கிவிடவில்லை. சேக்கிழாரின் நூலுக்குள் நந்தனார் ஐயமின்றி முத்தி பெற்றவர். சைவர் அவரைத் தொழுவது அதனால். நூலுக்கு வெளியே, அவரைப் போன்றவருக்குத் தில்லையில் அன்று என்ன நேர்ந்திருக்கும் என்று கேட்பவர், நூலை மறுக்கவில்லை; நூல் முடிந்த இடத்தில் எஞ்சிய நீதியைக் கேட்கிறார். அந்தக் கேள்விக்குச் செவிகொடாத பக்தி, நந்தனாரை வணங்கிக்கொண்டே அவர் நின்ற எல்லைக்கோட்டையும் காத்துவரும்.

மறைத்தலும் ஒரு தொழில்

முடிவு சொல்லப்படாமல் இருப்பது எப்போதும் குறையா? இதற்குச் சைவ சித்தாந்தம் தரும் சிந்தனை தனித்தன்மை வாய்ந்தது. இறைவனின் தொழில்கள் ஐந்து: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். பண்ருட்டியை அடுத்த திருவதிகையைச் சேர்ந்த மனவாசகங்கடந்தார் தம் ‘உண்மை விளக்கம்’ நூலில், கூத்தப்பெருமானின் ஊன்றிய திருவடியில் மறைத்தலையும் தூக்கிய திருவடியில் அருளலையும் வைக்கிறார். மறைத்தல் தண்டனை அன்று. உயிர் உலகத்தை நுகர்ந்து, தேர்ந்து, மலம் பக்குவப்படும் வரை உண்மையை மறைத்து நிற்பதும் அருளின் செயலே என்பது கொள்கை. மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கில் எட்டை இயற்றிய உமாபதி சிவம் திரோதான சக்தி எனப்படும் இந்த மறைப்பாற்றலை விரிவாகப் பேசினார்.

சிதம்பரத்தில் சிற்சபையில் நடராசருக்கு அருகே ஒரு திரை தொங்குகிறது. அதை விலக்கினால் தெரிவது பொன் வில்வ மாலைகளும் வெளியும். கடலூர் மாவட்டத்தின் மற்றொரு மூலையில், 1872-இல் வடலூரில் இராமலிங்க வள்ளலார் எழுப்பிய சத்திய ஞான சபையில் ஏழு வண்ணத் திரைகள் விலகித் தைப்பூசத்தன்று சோதி காட்டப்படுகிறது. வள்ளலாரே 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்குள் சென்று கதவை மூடச் செய்தார். அவர் சோதியில் கலந்தார் என்பது அன்பர்களின் உறுதி. அவர் கதைமாந்தர் அல்லர், மெய்யாக வாழ்ந்தவர். ஆகையால் நாவலைப் பற்றிய அளவுகோல்கள் அவருக்குப் பொருந்தமாட்டா. எனினும் மூடிய கதவின் முன் அன்பர்கள் கற்றுக்கொண்ட ஒழுக்கம் இங்கு நினைக்கத்தக்கது. அந்த அறையை எண்ணுவதோடு அவர்கள் நிற்கவில்லை. வடலூர்த் தருமச்சாலையில் 1867-இல் அவர் மூட்டிய அடுப்பை அணையவிடாமல் பசித்தவருக்குச் சோறிட்டு வருகிறார்கள்.

கதாசிரியர் கடவுள் அல்லர். அவர் மறைப்பது திரோதானமும் அன்று. ஆனாலும் மறைப்பில் இரண்டு வகை உண்டு என்பதை இந்த ஒப்புமை காட்டுகிறது. அடுத்த பருவத்துக்கு ஆள் சேர்ப்பதற்காக மட்டும் அறுத்து நிறுத்தப்படும் முடிவு காண்பவரின் ஆவலைச் சுரண்டுகிறது. அந்த மறைப்பை விலக்கிப் பார்த்தால் முன்பு காட்டியவற்றோடு தொடர்பில்லாத ஏதோ ஒன்று நிற்கும். நல்ல கதையின் மறைப்பு, அதுவரை காட்டிய எல்லாவற்றையும் மீண்டும் எண்ணிப் பார்க்கச் செய்கிறது. கரிகாலன் கொலையைக் கல்கி பல மாந்தரின் பழியுணர்வுக்கு நடுவே வைத்ததால், கொன்றவர் யார் என்று தேடும் வாசகர் ஒவ்வொருவருடைய பங்கையும் எடை போட்டுப் பார்க்க நேர்கிறது. ஒரே பெயரைச் சொல்லியிருந்தால் அந்த எடைபோடல் நடந்திராது.

ஊகத்துக்கு உரிய அளவைகள்

அருணந்தி சிவத்தின் சிவஞான சித்தியார் பொருளைப் பேசும் முன் அளவையைப் பேசுகிறது. அறிவுக்கு வழிகளாகக் காட்சி, கருதல், உரை மூன்றையும் கொள்கிறது. கதைமாந்தரின் கதியை ஊகிப்பவருக்கும் இம்மூன்றும் பயன்படும். கதைக்குள் காட்டப்பட்டது காட்சி. காட்டப்பட்டதிலிருந்து காரணம் சொல்லிப் பெறுவது கருதல். ஆசிரியர் வாக்கு உரை. கல்கியின் முடிவுரை அந்த வகை. வரலாற்று மாந்தர் என்றால் கல்வெட்டும் செப்பேடும் இவற்றுக்கு மேலே நிற்கும். இவற்றில் எதையும் சாராமல், இப்படி ஆகியிருந்தால் நன்றாயிருக்கும் என்று மட்டும் சொல்வது விருப்பம். விருப்பம் தவறில்லை, ஆனால் அது அளவை ஆகாது. ஊகங்களுக்கிடையே எழும் சண்டைகளில் பெரும்பாலானவை, ஒருவர் கருதலாகச் சொல்வதை மற்றவர் விருப்பம் என்று தள்ளுவதாலும், தம் விருப்பத்தைத் தாமே கருதல் என்று நம்புவதாலும் வருகின்றன.

இவ்வளவும் தொகுத்தால் தொடக்கத்தில் எழுந்த மூன்று வினாக்களுக்கும் விடை அமைகிறது. கற்பனை மாந்தருக்கு உயிரோ வினையோ இல்லை. ஆகவே ஆசிரியர் எழுதாத கதி என்று ஒன்று எங்கும் ஒளிந்திருக்கவில்லை. எழுதுபவர் இருக்கும்வரை அது இன்னும் பிறக்காதது. அவர் மறைந்தபின் பிறக்கவே போவதில்லை. வரலாற்று மாந்தரின் கதி மட்டுமே நிகழ்ந்து அழிந்தது, தேடத்தக்கது. அறியும் வழி காட்சி, கருதல், உரை. உண்மை இல்லாத இடத்தில் அவை பொருத்தத்தை மட்டுமே தரும். அதற்கு மேல் எவரும் உறுதி கூறலாகாது. கேள்வி மனத்தை விடாததற்குக் காரணம், செய்த வினைக்குப் பயனும் பட்ட துன்பத்துக்கு ஆறுதலும் இருந்தாக வேண்டும் என்ற அறவுணர்வு. அது மதிக்கத்தக்கது. கற்பனை மாந்தருக்காக அந்த உணர்வைப் பழகியவர், கணக்கு மூடப்படாமல் அருகில் வாழும் மனிதரிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். அந்த மனிதரின் கதி இன்னும் முன்னின்மையில் இருக்கிறது; அதை நல்லதாக்க முடியும்.